மந்தம் வந்தால் வக்கீலுக்கு வேலை போகுமா?

தெம்பனிஸ் அப்பா | 6 அக்டோபர் 2025, இரவு 9:20

மகள் சட்டம் முடித்துவிட்டு இங்கே சிங்கப்பூரில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறாள். சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார்: "பொருளாதாரம் படுத்தால் வக்கீலுக்குத்தான் கொண்டாட்டம். கம்பெனி மூடினாலும் வழக்கு, கடன் திரும்பாவிட்டாலும் வழக்கு, குடும்பம் பிரிந்தாலும் வழக்கு. அந்தத் தொழிலில் ஆட்குறைப்பே கிடையாது." சட்ட நிறுவனம் ஆட்குறைப்பு செய்ததாக நானும் செய்தியில் அதிகம் பார்த்ததில்லை. உண்மையா?

பழைய கோப்பு | 6 அக்டோபர், இரவு 10:05

செய்தியில் வராததற்குக் காரணம் ஆள் குறையாதது அல்ல, குறைகிற வழி வேறு. முதல் வழி, பயிற்சி முடித்தவரை எடுத்துக்கொள்ளாமல் விடுவது. ஒப்பந்தம் முடிந்தது, வணக்கம், அவ்வளவுதான். இரண்டாவது, காலியான இடத்தை நிரப்பாமல் விடுவது. மூன்றாவது, வருட மதிப்பீட்டில் திடீரென்று "எதிர்பார்த்த தரத்தில் இல்லை" என்று எழுதி, இரண்டு மாதம் அவகாசம் தருகிறோம், நீங்களே கடிதம் கொடுத்துவிடுங்கள் என்பது. நான்காவது, பங்காளிகளின், அதாவது நிறுவனத்துக்குச் சொந்தக்காரர்களான வக்கீல்களின், லாபப் பங்கைக் குறைப்பது.

இந்த நான்கில் எதுவும் மனிதவள அமைச்சின் ஆட்குறைப்புக் கணக்கில் ஏறாது. குறைந்தது 10 ஊழியர் உள்ள முதலாளி, ஆட்குறைப்பை ஊழியரிடம் தெரிவித்த 5 வேலை நாளுக்குள் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். 2021 நவம்பரிலிருந்து ஒரே ஒருவரை நீக்கினாலும் இந்த விதி உண்டு. ஆனால் இரண்டு வக்கீல், ஒரு செயலாளர், ஒரு கிளார்க் என்று நடக்கிற நிறுவனங்கள் நம்மூரில் ஏராளம். அவை இந்த வரம்புக்குள்ளேயே வராது.

பழைய கோப்பு | 6 அக்டோபர், இரவு 10:40

"கம்பெனி மூடினால் வழக்கு" என்பதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். 2020இல் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். அந்த ஏப்ரலில் கொவிட் தற்காலிகச் சட்டம் வந்து, தனிநபரை நொடித்தவராக அறிவிக்கத் தேவையான கடன் வரம்பை 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆக்கியது. நிறுவனத்துக்கு 10,000 வெள்ளி 100,000 ஆனது. கடன் கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் சொல்ல இருந்த 21 நாள் ஆறு மாதமானது. இது அக்டோபர் 19 வரை நீடித்தது. நொடிப்பு வேலை பெருகும் என்று காத்திருந்த பிரிவுகளுக்கு அந்த ஆறு மாதம் கையில் கோப்பே வரவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நம்மூரில் நெருக்கடி வரும்போதெல்லாம் சச்சரவை வக்கீல் இல்லாமல் தீர்க்க ஒரு வாசல் திறப்பார்கள். 2008இல் லீமன் வங்கி நொடித்தபோது, அதோடு இணைந்த மினிபாண்ட் என்ற முதலீட்டில் பணம் இழந்தவர்களில் பலர் போனது நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையத்துக்கு. அங்கே பொதுவாக வக்கீல் வந்து பேச முடியாது. 2020இல் வாடகை, ஒப்பந்தச் சலுகை கேட்டு, அந்தக் கொவிட் சட்டத்தின்கீழ் நியமித்த மதிப்பீட்டாளர் முன்னால் போனவர்களுக்கும் அதே கதை. வேலை நியமன நடுவர் மன்றத்திலும் வக்கீல் கூடாது. வேலை போன வக்கீல் அங்கே தானே பேசிக்கொள்ளலாம், அதற்கு மட்டும் தடையில்லை.

செங்காங் | 7 அக்டோபர், காலை 8:10

அப்போ எந்தப் பிரிவு தப்பிக்கும்? எந்தப் பிரிவு அடிபடும்?

பழைய கோப்பு | 7 அக்டோபர், மதியம் 1:15

முதலில் நின்றுபோவது பங்குச் சந்தைப் பட்டியலிடல், நிறுவனம் வாங்கி விற்கும் வேலை. வாடிக்கையாளர் "கொஞ்சம் பொறுப்போம்" என்றாலே கோப்பு உறைந்துவிடும். இங்கே பல ஒப்பந்த வேலைகளில் கட்டணத்தின் பெரும்பகுதி பேரம் முடிந்தால்தான் வரும், அதனால் ஆறு மாத உழைப்பு பாதிக் கூலியோடு போகும்.

வீட்டுப் பத்திர வேலை மந்தத்தைவிட அரசாங்கக் கொள்கைக்குத்தான் அதிகம் ஆடும். 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 30 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. அதற்கும் மந்தத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வெளிநாட்டு வாங்குநரை நம்பியிருந்த மேசைக்கு அதுதான் மந்தம்.

வழக்கு, நடுவர் தீர்ப்பாய வேலை மெதுவாக அடிபடும். ஏற்கெனவே ஓடுகிற கோப்பு ஒன்றரை, இரண்டு வருடம் சோறு போடும். ஆனால் பணமில்லாத கட்சிக்காரர் வழக்கைத் தொடுக்காமல் சமரசம் பேசுவார், அந்தக் குழி பிறகுதான் தெரியும். குடும்ப வழக்கும் குற்ற வழக்கும் நிற்காது, கட்டணம் மட்டும் தவணையாகும்.

பழைய கோப்பு | 7 அக்டோபர், இரவு 9:50

சம்பளம் எப்படித் தீர்மானமாகிறது என்று தெரிந்தால் யாரை முதலில் வெட்டுவார்கள் என்று புரியும். தொழிலில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: ஒரு இளநிலை வக்கீல் தன் செலவைப்போல மூன்று மடங்கு வசூல் கொண்டுவர வேண்டும். ஒரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு வாடகை, ஊழியர், காப்புறுதி வகைக்கு, ஒரு பங்கு லாபம்.

மாதச் சம்பளம் 7,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கட்டும் மசேநி (மத்திய சேமநிதி) 17 விழுக்காடு, 1,190. மொத்தம் 8,190. மூன்று மடங்கு 24,570.

நல்ல காலத்தில் அவர் மாதம் 130 மணி நேரம் கட்டணக் கணக்கில் எழுதுகிறார், மணிக்கு 300 வெள்ளி என்றால் 39,000. அதில் 20 விழுக்காடு பங்காளியே வெட்டிவிடுவார் ("இதற்கு இவ்வளவு நேரமா?"), அல்லது கட்சிக்காரர் பேரம் பேசுவார். மிச்சம் 31,200, தாராளம். மந்தத்தில் 95 மணி நேரம்தான் வேலை, 28,500. தள்ளுபடி 30 விழுக்காடு. மிச்சம் 19,950. மூன்று மடங்குக்குக் கீழே போய்விட்டார். இதில் எந்த எண்ணும் எந்த நிறுவனத்துடையதும் இல்லை, கணக்கு ஓடும் விதத்தைக் காட்டப் போட்டது.

கவனிக்க வேண்டியது: அவர் திறமை குறையவில்லை. மேலிருந்து வருகிற கோப்பு குறைந்தது. மந்தத்தில் மூத்தவர்கள் தங்கள் மணி நேரத்தைக் காப்பாற்ற, முன்பு இளையவருக்குத் தள்ளிய வேலையைத் தாங்களே செய்வார்கள். பிறகு மதிப்பீட்டில் "மணி நேரம் போதவில்லை" என்று எழுதுவதும் அவர்கள்தான். அதனால் வேலை கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாராவாரம், தேதியோடு. கேட்டும் கிடைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கிளார்க் | 8 அக்டோபர், காலை 7:30

ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகப் பகுதியில் மதியச் சாப்பாட்டு வரிசை குறைந்தால் மந்தம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜோசியம் உண்டு. அண்ணே, சம்பள வெட்டு பற்றிச் சொல்லுங்கள்.

பழைய கோப்பு | 8 அக்டோபர், இரவு 8:45

வரிசை குறைந்தால் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை என்றும் அர்த்தம். ஜோசியத்தை விடுங்கள்.

சம்பளத்தை முதலாளி ஒருதலையாகக் குறைக்க முடியாது, உங்கள் ஒப்புதல் வேண்டும். ஆனால் ஒப்புதல் கடிதம் ஒரு பக்கத்தில் வரும், "இன்று மாலைக்குள் கையெழுத்து" என்று வரும். அதில் மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள். எந்த மாதம் வரை வெட்டு. முடிந்ததும் பழைய சம்பளம் தானாகத் திரும்புமா, அல்லது "பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் இருக்கிறதா. இடையில் வேலை போனால் அறிவிப்புக் காலச் சம்பளமும் ஆட்குறைப்புத் தொகையும் எந்தச் சம்பளத்தில் கணக்கிடப்படும். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. "வெட்டுக்கு முந்தைய சம்பளத்தில்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல மனதோடு வெட்டுகிற நிறுவனத்துக்கு அந்த வரியால் இன்று ஒரு காசு செலவில்லை. மறுத்தால், அடுத்து என்ன வரப்போகிறது என்று ஊகிக்கலாம்.

இனி கையில் வருவது. 7,000 வெள்ளிக்காரருக்கு 15 விழுக்காடு வெட்டினால் 5,950. மசேநி 20 விழுக்காடு போக முன்பு 5,600, இப்போது 4,760. கையிலும் 15 விழுக்காடுதான் குறைகிறது. ஆனால் வீட்டுக் கடன் மசேநியின் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறவர் கவனிக்க: 35 வயது வரை சம்பளத்தில் 23 விழுக்காடு அந்தக் கணக்கில் சேரும். 1,610 வெள்ளி 1,368 வெள்ளி 50 காசாகும். தவணை 1,500 என்றால் மிச்சம் ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

10,000 வெள்ளிக்காரர் கதை வேறு. 2025இல் மசேநி பிடிக்கும் மாதச் சம்பள வரம்பு 7,400ஆக இருந்தது, அந்தக் கணக்கில் பாருங்கள். அவருடைய பங்கு 1,480, கையில் 8,520. 15 விழுக்காடு வெட்டினால் 8,500, அதுவும் வரம்புக்கு மேலேதான். மசேநி அதே 1,480, கையில் 7,020. முழு 1,500 வெள்ளியும் கைச்சம்பளத்திலிருந்தே போகிறது, கிட்டத்தட்ட 17.6 விழுக்காடு. மூத்தவர்கள் "15 தானே" என்று தலையாட்டிவிட்டு மாதக் கடைசியில் முழிப்பது இதனால்தான்.

தெம்பனிஸ் அப்பா | 9 அக்டோபர், இரவு 9:00

போனஸ்?

பழைய கோப்பு | 9 அக்டோபர், இரவு 9:35

13ஆம் மாதச் சம்பளமோ போனஸோ சட்டப்படி கட்டாயமில்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான். சட்ட நிறுவன ஒப்பந்தங்களில் அடிக்கடி வருகிற வாசகம்: வழங்கும் நாளில் வேலையில் இருக்க வேண்டும், விலகல் கடிதம் கொடுத்திருக்கக் கூடாது. அதனால் போனஸ் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் "நீங்களே விலகிவிடுங்கள், கௌரவமாக இருக்கும்" என்று ஒருவர் பேசினால், அந்தக் கௌரவத்தின் விலை உங்கள் போனஸ். சேர்ந்தபோது கொடுத்த கையெழுத்துத் தொகையைத் திருப்பிக் கேட்கும் ஷரத்தும் உண்டு. விலகினால் மட்டுமா, நீக்கினாலுமா என்று அதையும் படியுங்கள்.

பழைய கோப்பு | 11 அக்டோபர், காலை 11:20

முதல் குறிப்பில் "நீங்களே கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதியதை விரிக்க வேண்டும், இதில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள்.

2019 ஏப்ரல் 1 முதல் வேலை நியமனச் சட்டம் நிர்வாகிகள், உயரதிகாரிகள் எல்லாரையும் உள்ளடக்குகிறது, சம்பள உச்சவரம்பு இல்லை. வேலை பார்க்கும் வக்கீலும் அதற்குள் வருவார். (வேலை நேரம், மிகைநேர ஊதியப் பகுதி அவருக்குப் பொருந்தாது. இரவு பதினொன்றுக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்கு ஓ.டி. கிடையாது.) அந்தச் சட்டத்தில் விருப்பமில்லாமல் எழுதிக் கொடுத்த விலகலும் பணிநீக்கமாகவே கருதப்படும். ஆனால் விருப்பமில்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு போராடுவது கடினம். விலகல் கடிதம் கேட்டால், பேச்சு முடிந்த அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று நடந்த சந்திப்பில் என் பதவி இனித் தேவையில்லை என்றும், நான் விலகல் கடிதம் தர வேண்டும் என்றும் சொன்னீர்கள். இது ஆட்குறைப்பா என்று உறுதிப்படுத்தவும்." மரியாதையான நான்கு வரி போதும்.

இந்த வேறுபாடு பணத்தில் என்ன செய்யும்? ஆட்குறைப்புத் தொகை சட்டக் கட்டாயமில்லை. இரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு, ஒரு வருடச் சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் என்பது முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) ஆலோசனை சொல்லும் வழக்கம். 7,000 வெள்ளியில் நான்கு வருடம் என்றால் கீழ் எல்லை சுமார் 12,923, மேல் எல்லை 28,000. விலகினால் பூஜ்யம். வேலை இழப்புக்கான ஈட்டுத்தொகைக்கு வருமான வரியும் இல்லை, மசேநியும் இல்லை. ஆனால் அறிவிப்புக் காலத்துக்குப் பதிலான சம்பளத்துக்கும், கடந்த சேவைக்கான அன்பளிப்புத் தொகைக்கும் வரி உண்டு. எனவே கடிதத்தில் தொகையை ஒன்றாகக் குழைத்து எழுத விடாதீர்கள். எது எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

காலக்கெடு: தவறான பணிநீக்கப் புகார் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணிக்குப் போக வேண்டும். அறிவிப்புக் கொடுத்து நீக்கப்பட்ட நிர்வாகி, உயரதிகாரியாக இருந்தால் ஆறு மாதச் சேவையாவது இருக்க வேண்டும். சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதம் உண்டு. சமரசம் ஆகாவிட்டால் வேலை நியமன நடுவர் மன்றம். வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000. ஒப்பந்தத்திலேயே 28,000 எழுதியிருந்தால், மேலே உள்ள 8,000த்தை விட்டுக்கொடுத்து அங்கே போவதா, நீதிமன்றத்துக்குப் போவதா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

செங்காங் | 11 அக்டோபர், மதியம் 2:00

வக்கீலே ஒரு மாதக் கெடுவைத் தவற விடுவாரா?

பழைய கோப்பு | 11 அக்டோபர், மதியம் 2:25

மற்றவர் கெடுவைத் தவற விடமாட்டார்.

பழைய கோப்பு | 13 அக்டோபர், இரவு 10:10

பங்காளிகளைப் பற்றி நேற்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு. வரம்புக்குட்பட்ட பொறுப்புப் பங்காண்மையில் உண்மையான பங்காளி ஊழியர் இல்லை. ஆட்குறைப்புத் தொகை, அறிவிப்புக் கால அட்டவணை, நடுவர் மன்றம் எதுவும் அவருக்கு இல்லை, எல்லாம் பங்காண்மை ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். முதலாளி மசேநியும் கிடையாது, மெடிசேவ் (மசேநியின் மருத்துவச் சேமிப்பு) தானே கட்ட வேண்டும். போட்ட மூலதனம் எப்போது, எத்தனை தவணையில் திரும்பும் என்பது மந்தத்தில்தான் முக்கியமாகும். வெளியேறுகிறவர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் நிறுவனத்திடம் ரொக்கம் இருக்காது.

பெரிய பொறி வரி. பங்காளிக்கு வரி அவர் எடுத்த பணத்தின் மேல் இல்லை, அவர் பங்குக்கு வந்த லாபத்தின் மேல். கட்சிக்காரர் கொடுக்காத விலைப்பட்டியல் கணக்கில் லாபமாக நிற்கும், கைக்கு வராது, வரி மட்டும் வரும். "பதவி உயர்வு" என்று மந்தத்துக்கு நடுவில் பங்காளியாக அழைத்தால், மூன்று வருடக் கணக்கையும் 90 நாளுக்கு மேல் வசூலாகாத பாக்கியையும் காட்டச் சொல்லாமல் கையெழுத்து வேண்டாம். பெயரில் பங்காளி, சம்பளத்தில் ஊழியர் என்ற வகையும் உண்டு. அவர் எந்தப் பக்கம் என்பதை அட்டையில் உள்ள பதவிப் பெயர் தீர்மானிக்காது, ஒப்பந்தமும் நடைமுறையும்தான் தீர்மானிக்கும்.

கிளார்க் | 14 அக்டோபர், காலை 7:45

வக்கீல்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள்?

பழைய கோப்பு | 14 அக்டோபர், இரவு 9:15

சரியான குத்து. முதலில் போவது நீங்கள்தான். செயலாளர் ஒருவருக்கு இரண்டு வக்கீல் என்றிருந்தது நான்கு ஐந்து என்றாகும், திரும்பப் பழையபடி ஆகாது. ஆனால் ஒரு உதவி உங்களுக்கு உண்டு, வக்கீலுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், கடந்த 12 மாதத்தில் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்த சிங்கப்பூரருக்கு ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. முதல் மாதம் 1,500, பிறகு 1,250, 1,000, அதன்பின் மூன்று மாதம் 750. வேலை தேடுவதற்கான நடவடிக்கைகளைக் காட்ட வேண்டும். வேலை உங்கள் விருப்பமில்லாமல் போயிருக்க வேண்டும். விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தால் இதுவும் சிக்கலாகும். மேலே மின்னஞ்சல் பற்றி எழுதியது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

பழைய கோப்பு | 17 அக்டோபர், இரவு 11:00

தெம்பனிஸ் அப்பா கேட்ட மகள் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். 2024 வழக்கறிஞர் தேர்வுத் தொகுதியிலிருந்து பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடமானது. அதே மாற்றத்தில், பயிற்சி இல்லாமலேயே தேர்வு முடித்து, தொழில் நடத்தாத வழக்கறிஞராகப் பதிவாகும் வழியும் வந்தது. இந்த இரண்டாவது வழியை மந்தக் காலத்தில் குறைவாக மதிக்கக் கூடாது என்பது என் கருத்து. நிறுவனங்களின் உள் சட்டப் பிரிவில் வேலை செய்யத் தொழில் நடத்தும் சான்றிதழ் தேவையில்லை.

ஒரு வருடம் என்பதில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. நிறுவனம் உங்களை நன்றாகப் பார்த்துவிடும், அதேசமயம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவைத் தள்ளிப்போடவும் முடியும். பயிற்சியின் எட்டாம் மாதத்தில் நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை பேரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், எப்போது சொல்வீர்கள்? மழுப்பினால் அன்றே வெளியே விண்ணப்பிக்கத் தொடங்கட்டும். எடுத்துக்கொள்ளாமல் விட்டால் "பயிற்சி முழுமையாக முடிந்தது, வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் பணியிடம் இல்லாமை" என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதி வாங்குவது மிக முக்கியம்.

"தனியாகப் போர்டு மாட்டிக்கொள்ளலாமே" என்பார்கள். முடியாது. சொந்தமாகவோ பங்காளியாகவோ நடத்த மூன்று வருட அனுபவமும் நிர்வாகப் பயிற்சி வகுப்பும் வேண்டும். மூன்று வருடம் தொடர்ச்சியாகவோ, ஐந்து வருட எல்லைக்குள் கூட்டியோ இருக்கலாம். அதனால் இரண்டரை வருடத்தில் வேலை போகிறவருக்குத்தான் சங்கடம் அதிகம், இடைவெளி நீண்டால் பழைய மாதங்கள் கணக்கிலிருந்து உதிரும்.

செங்காங் | 18 அக்டோபர், காலை 9:30

மந்தம் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

பழைய கோப்பு | 18 அக்டோபர், இரவு 8:20

2020இல் அரசாங்கம் வேலை ஆதரவுத் திட்டத்தில் உள்ளூர் ஊழியரின் முதல் 4,600 வெள்ளிச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது, ஏப்ரலிலும் மே மாதத்திலும் 75 விழுக்காடு. அதனால் ஆளை வைத்துக்கொண்டு சம்பளத்தையும் போனஸையும் இறுக்கினார்கள். வேலை திரும்பியபோது அதே ஆட்கள்மேல் இரட்டைச் சுமை. 2022 தொடக்கத்தில் சட்டச் சங்கத் தலைவர் ஏட்ரியன் டான் சொன்ன எண்ணிக்கை: 2021இல் 538 வழக்கறிஞர் விலகினார்கள், அதில் 310 பேர் இளநிலையினர். அதற்குப் பிறகுதான் தொடக்கச் சம்பளத்தை உயர்த்த ஓடினார்கள். ஆக, மந்தத்தில் ஆள் போவதைவிட மீட்சியில் போவது அதிகமாக இருக்கலாம், அது அவரவர் விருப்பத்தில் போவது.

இந்தமுறை ஒன்று வேறு. ஆவணக் குவியலைப் படித்துப் பிரிக்கும் முதல் வருட வேலையை இப்போது மென்பொருள் செய்கிறது. மந்தத்தில் போன அந்த மணி நேரங்கள் மீட்சியில் முழுதாகத் திரும்பும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

பழைய கோப்பு | 20 அக்டோபர், மதியம் 12:50

எம்ப்ளாய்மண்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் கேட்டதற்கு. கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் நிறுவனம் அனுமதியை ரத்து செய்ய வேண்டும், பிறகு 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி. வெளிநாட்டு ஊழியரின் வரிக் கணக்கைத் தீர்ப்பதற்கான ஐஆர் 21 படிவத்தை நிறுவனம் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வருவாய் ஆணையத்துக்கு அனுப்பி, உங்களுக்குத் தர வேண்டிய எல்லாப் பணத்தையும் வரி தீரும்வரை பிடித்து வைக்கும். எனவே கடைசிச் சம்பளமும் ஈட்டுத்தொகையும் கைக்கு வர ஒரு மாதம் வரை ஆகலாம். வீட்டு வாடகை முன்பணம், பிள்ளை பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் அந்தப் பணத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். நிரந்தரவாசி சிங்கப்பூரை விட்டு நிரந்தரமாகப் போகவில்லை என்றால் இது அவருக்குப் பொருந்தாது. அதை நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி செய்து கொடுத்துவிடுங்கள், மனிதவளப் பிரிவு பழக்கத்தில் படிவத்தை அனுப்பிவிடும்.

தொழில் நடத்தும் சான்றிதழும் தொழில்முறைக் காப்புறுதியும் மார்ச் 31இல் முடியும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை ஆள் கணக்கு பார்க்கப்படும் என்பது என் கணிப்பு. அந்த மாதங்களில் நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், மதிப்பீடுகள், சம்பளச் சீட்டுகளின் நகல் உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கட்டும். கட்சிக்காரர் கோப்பு ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.